குளத்து வள்ளத்தைக் காப்பவர் யார்?

கடல் சூழ்ந்த நாட்டிலே மீன்பிடி என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தே எவருக்கும் கடலே நினைவுக்கு வருகிறது. பாராளுமன்றத்திலே பேசப்படுவது கடல். பத்திரிகையிலே எழுதப்படுவது கடல். அரசாங்கம் வகுக்கும் திட்டங்களிலே முதலிடம் பெறுவதும் கடல். குளத்திலே வலை விரித்துப் பிழைப்பவனோ கடற்றொழிலாளி என்ற கணக்கிலும் முழுமையாகச் சேர்வதில்லை. கமக்காரன் என்ற கணக்கிலும் சேர்வதில்லை. இரண்டுக்கும் நடுவே, இடுப்பளவு நீரிலே, கேட்பாரற்று நிற்கின்றான்.

அவனுடைய முதல் என்ன? ஒரு சிறு வள்ளம், சில வலைகள், இரண்டு துடுப்புகள். வேறில்லை. வலை கிழிந்தால் பொத்தலாம். துடுப்பு முறிந்தால் காட்டிலே ஒரு மரம் கிடைக்கும். வள்ளம் பழுதானால் அன்றே அவன் தொழில் நின்றது. நீரின் நடுவிலே அது பழுதானால் அவன் உயிருக்கே உத்தரவாதமில்லை. இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கும் அந்த வள்ளத்துக்கு நம் சமூகத்திலே ஒரு விதியும் இல்லை, ஒரு நிதியும் இல்லை என்பதே நமது குறை. அவ்விரண்டையும் பிறர் வந்து ஆக்கித் தருவர் என்று காத்திராமல் நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதே ஈண்டு நாம் கூற வந்தது.

கொடுத்த கை எடுத்த கதை

குளமீன் பிடித்தல் நம்மவர்க்குப் புதியதன்று. விராலும் கெளிறும் மாரிக்கு மாரி வயல் வாய்க்கால் வரை வந்து கொண்டிருந்தவையே. ஆயினும், பெருங்குளங்களிலே அது ஒரு தொழிலாக வளர்ந்தது 1952ஆம் ஆண்டிலே திலாப்பியா மீன் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதன் பின்னரேயாகும். 1975இல் நைல் திலாப்பியாவும் வந்து சேர்ந்தது. கட்லா, ரோகு, மிரிகால் முதலிய கெண்டையினக் குஞ்சுகளும் குளங்களில் விடப்படலாயின. இன்று கிளிநொச்சியின் இரணைமடுவாயினும், முல்லைத்தீவின் முத்தையன்கட்டு, வவுனிக்குளமாயினும், மன்னாரின் கட்டுக்கரைக் குளமாயினும், மட்டக்களப்பின் உன்னிச்சையாயினும், குளத்து மீன் கடற்கரையிலிருந்து தொலைவிலுள்ள ஊர்களின் கறிச்சட்டியிலே நிலையான இடம் பெற்றுவிட்டது.

இத்தொழிலுக்கு அரசாங்கம் தந்த ஆதரவு என்னவாயிற்று என்பதை மறந்துவிடக் கூடாது. உயிர்க்கொலைக்கு அரசு துணை நிற்றல் தகாது என்ற சமய நோக்கிலான எதிர்ப்பை முன்னிட்டு, 1990ஆம் ஆண்டிலே உள்நாட்டு நீர்நிலை மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை அரசாங்கம் முற்றாக விலக்கிக்கொண்டது. அதற்கென இருந்த பிரிவு கலைக்கப்பட்டது. குஞ்சு விடுவார் இல்லை; வலையின் கண்ணை அளந்து பார்ப்பார் இல்லை; மீன்களின் தொகையைக் கணிப்பாரும் இல்லை. 1994இலேதான் அரசாங்கம் மனம் மாறியது. அதன் பின்னர் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் வந்தது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மக்கள் 'நெக்டா' என்றழைக்கும் நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை வந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கொள்கை முடிவொன்றினாலே வந்த ஆதரவு இன்னொரு கொள்கை முடிவினாலே போய்விடும். நான்கு ஆண்டுகள் அரசாங்கத்தின் கை விலகி நின்றபோது குளம் வற்றிவிடவில்லை. மீனவனின் வயிறும் காத்திருக்கவில்லை. அக்காலத்திலே தன் வள்ளத்தைத் தானே பேணத் தெரிந்த ஊர் பிழைத்தது. பிறர் கையைப் பார்த்திருந்த ஊர் இளைத்தது. இனியொரு முறை அந்நிலை வாராது என்று எவரால் உறுதி கூற முடியும்?

தானமும் உடைமையும்

2009ஆம் ஆண்டுக்குப் பின் மக்கள் மீளக்குடியேறியபோது அரச திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் வள்ளங்களையும் வலைகளையும் வழங்கின. கொடுத்தவர்களுக்கு நன்றி கூறவேண்டியது நம் கடன். ஆனால் இன்று வன்னிக் குளக்கட்டுகளின் மேலே நடந்து பார்ப்பவர்கள் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். வெயிலிலே கவிழ்ந்து கிடக்கும் வள்ளம். அதன் பக்கத்திலே தந்தவரின் பெயரும் சின்னமும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. அடிப்பக்கமோ பிளந்து புல் முளைத்திருக்கிறது. நூறு ரூபா பெறுமதியான பழுதைத் தொடக்கத்திலே நீக்காமையால், ஆயிரம் ஆயிரமாகக் கொட்டி ஆக்கிய பொருள் வீணாகிவிட்டது.

இது மீனவனின் சோம்பல் என்று நகரத்து அறிவாளர் சிலர் கூறக்கூடும். அக்கூற்று நேர்மையானதன்று. தானமாக வந்த வள்ளங்கள் பல ஒருவருக்கென்று வந்தவையல்ல, சங்கத்துக்கென்று வந்தவை. சங்கத்துக்கு வந்த பொருளைப் பேணும் கடமை எவருக்கு என்று எழுதி வைத்தார் எவருமில்லர். பத்துப் பேர் முறைவைத்து ஓட்டிய வள்ளத்தின் வெடிப்பை முதலிலே கண்டவன், அதை அடுத்த முறைக்காரன் அடைப்பான் என்று எண்ணினான். அடுத்தவன் சங்கம் அடைக்கும் என்று எண்ணினான். சங்கம் அதிகாரசபைக்கு ஒரு கடிதம் எழுதியது. உரிமை பலருக்கும் பொதுவாயிருந்து, கடமை எவருக்கும் குறித்துரைக்கப்படாதிருந்தால் எப்பொருளும் இக்கதியையே அடையும். காணி வழக்குகளை நடத்திப் பழகியவர்களுக்கு இது தெரியாத செய்தியன்று. பங்குக் காணியின் வேலி எப்போதும் பாறியே கிடக்கும்.

பதிவின்மை மற்றொரு கேடு. 1996ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கை நீர்ப்பரப்பு என்று கூறும்போது கடலை மட்டும் கருதவில்லை. ஆறு, களப்பு, குளம் முதலிய பொது நீர்நிலைகளையும் உள்ளடக்கியே பேசுகின்றது. ஆகவே மீன்பிடி வள்ளம் பதியப்பட வேண்டும் என்ற விதி குளத்துக்கும் உரியதே. பதிவு என்றவுடன் வரியும் தண்டமும் என்று அஞ்சுவோர் உளர். பதிவு மீனவனுக்குக் கேடயம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். வெள்ளம் வள்ளத்தை அடித்துச் சென்றால் இழப்பீடு கேட்பது எதைக் காட்டி? களவு போனால் பொலிசிலே முறையிடுவது எதைக் காட்டி? உடையவன் இறந்துபட்டால் அவன் மனைவி உரிமை கோருவது எதைக் காட்டி? உடைமை இழந்தவன் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாவிட்டால் அலுவலக வாசலிலே அவன் சொல் எடுபடாது என்பதை மீளக்குடியேறிய நம் மக்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

வள்ளம் கேட்கும் கவனம்

குளங்களிலே இன்று பெரும்பாலும் ஓடுவது கண்ணாடியிழை வள்ளம். ஊரவர் 'பைபர்' என்பது. இருவர் ஏறிச் செல்லத்தக்க ஒடுங்கிய உடல். ஓரத்திலே கழிகளால் பிணைக்கப்பட்ட மிதவைக் கட்டை. இயந்திரம் இல்லை, துடுப்பும் தாங்குகோலுமே துணை. இந்த எளிமையே அதன் பலம். 2022 ஓகஸ்டிலே மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியபோது கடற்கரைகளிலே இயந்திரப் படகுடையோர் திகைத்து நின்றனர். துடுப்பால் செல்லும் குளத்து வள்ளத்தை அவ்விலை தொடவில்லை. எனினும், அவ்வள்ளத்தின் பழுதை நீக்கும் ரெசினும் கண்ணாடியிழைப் பாயும் பிறநாட்டிலிருந்து வருபவை. 2022இன் முற்பகுதியிலே டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாக உயர்ந்தபோது அவற்றின் விலையும் ஏறாதிருக்க முடியுமா? ஆகையினாலே, வெடித்தபின் அடைப்பதிலும் வெடியாமற் காப்பதே இலாபம்.

காப்பது எவ்வாறு? கண்ணாடியிழை உக்காது என்ற எண்ணம் தவறானது. வெயில் அதன் மேற்பூச்சைத் தின்கிறது. பூச்சு வெளிறி மாவாக உதிரத் தொடங்கினால் உள்ளேயுள்ள இழைக்கு நீர் இறங்குகிறது. நீர் இறங்கிய இடம் கொப்புளமிட்டுப் பின் பிளக்கிறது. தொழில் முடிந்ததும் வள்ளத்தைக் கரைக்கு இழுத்து வரும்போது கல்லும் முருங்கைக்கல்லுப் போன்ற கரடும் அடிப்பக்கத்தை உராய்கின்றன. வலை இழுக்கும் விளிம்பு, கயிறு உராய்ந்து தேய்கிறது. ஆகவே மூன்று காரியங்கள் போதும். இரண்டு உருளைக் கட்டைகளின் மேலே வைத்து உருட்டி ஏற்ற வேண்டும். தரையிலே தறதறவென்று இழுக்கலாகாது. மரநிழலிலேயோ கிடுகுக் கொட்டிலிலேயோ கவிழ்த்து வைக்க வேண்டும். மல்லாந்து கிடக்கும் வள்ளத்தில் மழைநீர் தேங்கினால் வள்ளமும் கெடும், நுளம்பும் பெருகும். அடிப்பக்கத்தின் நடுவரிசையிலே தேய்ந்து போகத்தக்க ஒரு மரச்சட்டத்தையோ மேலதிக இழைப் படையையோ இட்டு, தேயத் தேய மாற்ற வேண்டும்.

வெடிப்புக் கண்டால் தாரைப் பூசியும், பழைய ரியூப் துண்டை ஒட்டியும் நாளைக் கடத்துவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. அது புண்ணின் மேலே துணி போர்த்துவது போன்றது. முறையான வழி கடினமானதன்று. வள்ளத்தை நன்றாகக் காயவிட வேண்டும். இதுவே முதல் விதி, ஈரத்தின் மேலே ரெசின் பற்றாது. பழுதுற்ற பகுதியை உறுதியான படை தெரியும் வரை உராய்ந்து, ஓரங்களைச் சரிவாக்க வேண்டும். தகட்டின் தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு இருத்தல் நலம். அஃதாவது 5 மில்லிமீற்றர் தடிப்புக்கு 60 மில்லிமீற்றர் சரிவு. தூசியைத் துடைத்து, அசற்றோன் கொண்டு சுத்தம் செய்து, இழைப் பாயைச் சிறிதும் பெரிதுமாக வெட்டி, ரெசினில் ஊறவைத்துப் படைபடையாக இட்டு, காற்றுக் குமிழ்களை உருளையாலோ தூரிகையாலோ அமுக்கி நீக்க வேண்டும். ரெசினை இறுகச் செய்யும் திரவம் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு போதும். கூட்டினால் வெயில் நாளில் கிண்ணத்திலேயே இறுகிவிடும். இறுதியிலே பூச்சிட்டு மூட வேண்டும். மூடாது விட்டால் செய்த வேலை பாழ்.

எச்சரிக்கை ஒன்றையும் சொல்லாமற் போதல் தகாது. இறுகச் செய்யும் அத்திரவம் கண்ணிலே பட்டால் பார்வையையே பறிக்கக்கூடியது. கோபாற்று அடங்கிய முடுக்கித் திரவத்தோடு அதை நேராகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். முன்னதை ரெசினில் கலந்த பின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும். இவற்றை ஒவ்வொரு சங்கத்திலும் இரண்டு இளைஞர்களுக்கேனும் முறையாகக் கற்பித்துவிட்டால், ஒவ்வொரு வெடிப்புக்கும் நகரத்திலிருந்து ஆள் தேட வேண்டியதில்லை.

ஆழமற்ற நீர் என்ற மயக்கம்

வள்ளத்தைக் காப்பது பொருளைக் காப்பது; அதிலே ஏறுபவனைக் காப்பது அதனிலும் பெரிது. கடல் பெரியது, குளம் சிறியது. ஆகவே குளத்தில் ஆபத்தில்லை என்ற மயக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாக் குறிஞ்சாக்கேணியிலே, பாலத்துக்குப் பதிலாக மக்களை ஏற்றிச் சென்ற இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறார் உட்படப் பலர் மாண்டனர். அது ஆழ்கடலில் நிகழ்ந்ததன்று. ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரியும் இடம். சிறிய நீர் என்ற நினைப்பே அங்கே பெரிய துயருக்கு வழி வகுத்தது.

குளமும் அப்படியே. சோளகக் காற்று எழும் மாதங்களிலே இரணைமடு போன்ற அகன்ற குளத்தின் நடுவே எழும் அலை, ஒடுங்கிய வள்ளத்தைப் புரட்டப் போதுமானது. நீருக்குள்ளே மறைந்து நிற்கும் பட்டமரங்கள் வள்ளத்தின் அடியைக் கிழிக்கும். ஈரமான வலை நிறை மிகுந்தது. ஒரு பக்கமாகக் குவித்தால் வள்ளம் சாயும். வலையோடு நீரில் விழுந்தவன் நீந்தத் தெரிந்தவனாயினும் கால் சிக்கினால் என் செய்வான்? மாரியிலே வான்கதவு திறந்திருக்கும் வேளை அதன் அருகே செல்லும் வள்ளத்தை நீரோட்டம் விழுங்கிவிடும். முதலையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. குளத்தோடு வாழ்பவர் அறிவர்.

உல்லாசப் பயணிகள் நம் களப்புகளிலே கயாக் என்னும் சிறு படகில் ஒரு மணி நேரம் விளையாடப் போகின்றனர். அவர்கள் ஏறுமுன் உயிர்காப்பு அங்கி மாட்டப்படுகிறது. விளையாடப் போகும் விருந்தாளிக்கு அங்கி. விடியற்கருக்கலில் பிழைப்புக்குப் போகும் நம் மகனுக்கு அங்கி இல்லை. இது என்ன நீதி? அந்தக் கயாக்கிடமிருந்து நாம் கற்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. அதன் உட்பகுதி காற்று அடைத்து மூடப்பட்டிருப்பதால், கவிழ்ந்தாலும் அமிழ்வதில்லை. நம் வள்ளத்தின் முன்தலையிலும் பின்தலையிலும் நுரையை அடைத்து மூடிவிட்டால் அதே காப்பு நமக்கும் கிடைக்கும். சோதித்தறிவது எளிது: முழங்காலளவு நீரிலே வள்ளத்தை நிரப்பிப் பார்க்க வேண்டும். நிரம்பியும் மிதந்தால் அது நல்ல வள்ளம். நிலத்தைத் தொட்டால் அதை நடுக்குளத்துக்குக் கொண்டு செல்லலாகாது.

ஒவ்வொரு வள்ளத்திலும் இருக்கவேண்டியவை அதிகமில்லை. ஏறுபவர் தொகைக்கேற்ப உயிர்காப்பு அங்கிகள், ஒரு மேலதிகத் துடுப்பு, நீர் இறைக்க ஒரு வாளி, கயிற்றால் கட்டியது, சிறு நங்கூரம், இருபது பாகம் நைலோன் கயிறு, வலையை அறுக்க எட்டும் தூரத்திலே ஒரு கத்தி, ஒரு விசில், நீர் புகாத மின்விளக்கு. அங்கியை வாங்கும்போது அதில் எழுதியுள்ள மிதவை அளவைப் பார்க்க வேண்டும். 50 நியூட்டன் என்றிருப்பது நீந்தத் தெரிந்தவனுக்கு, உதவி அருகில் உள்ளபோது மட்டும் துணையாவது. 100 நியூட்டன் அங்கியே தொழிலாளிக்கு ஏற்றது. அதை வள்ளத்திலே குந்தியிருக்கும் மெத்தையாக்கினால் உள்ளிருக்கும் நுரை நசுங்கி மிதக்கும் ஆற்றல் குன்றும். அங்கி உடலில் இருந்தால் உயிர்காக்கும். வள்ளத்தின் மூலையில் கிடந்தால் வெறும் துணி.

மிதவைக் கட்டையைப் பிணைக்கும் கயிறுகளை ஒவ்வொரு நாளும் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு முடிச்சு தளர்ந்தமையால் இருவர் உயிர் போயிற்று என்று பின்னர் வருந்துவதிலே பயனில்லை.

கமக்காரருக்கு இதிலென்ன?

இவ்வேட்டைப் படிக்கும் கமக்கார நண்பர்கள், இது மீனவர் சங்கத்துச் செய்தி, நமக்கென்ன என்று தாளைப் புரட்டிவிட வேண்டாம். குளம் நீர்ப்பாசனத்துக்கென்று கட்டப்பட்டது என்பதை மறுப்பாரில்லை. 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் உங்கள் அமைப்புகளுக்கும் உங்கள் கூட்டங்களுக்கும் இடமளித்திருக்கின்றன. ஆயினும், சிறுபோகத்தின் கடைசி நாள்களிலே துருசைத் திறந்து கடைசித் துளி வரை எடுத்துவிட்டால் வள்ளம் சேற்றில் புதைவதும் தாய்மீன் மடிவதும் கண்கூடு. அதற்கு மாறாக, வலையைத் துருசின் வாயிலே கட்டி நீரோட்டத்தைத் தடுக்கும் மீனவனும் குற்றவாளியே. இருசாராரும் ஒருவரையொருவர் பொலிசுக்கு இழுப்பதால் எவருக்கு நன்மை?

குளத்தின் மேலே நாள்தோறும் செல்பவன் மீனவன் ஒருவனே. அலைகரையில் அரிப்புக் கண்டால் முதலில் அறிபவன் அவன். துருசின் வாயிலே செடி அடைத்தால் முதலில் காண்பவனும் அவனே. ஆகாயத்தாமரை இந்நாட்டு நீர்நிலைகளை மூடத் தொடங்கியபோது, ஆங்கிலேய ஆட்சியாளர் 1909ஆம் ஆண்டிலேயே அதற்கெனத் தனிக் கட்டளைச் சட்டம் இயற்றினர் என்றால் அதன் கேட்டை உணரலாம். அச்செடி ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குச் செல்லும் வழிகளில் வள்ளமும் வலையும் ஒன்று. வள்ளத்தை வேறு குளத்துக்குக் கொண்டு செல்லுமுன் கழுவிக் காயவைத்தல் மீனவன் கமக்காரனுக்குச் செய்யும் பேருதவி. வாய்க்கால் அடைபடாதிருக்க அதுவே முதற் காவல்.

வெள்ள காலத்தை எண்ணிப் பாருங்கள். 2018 டிசம்பரின் பிற்பகுதியிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அத்தகைய இரவிலே கொழும்பிலிருந்து உதவி வருவதற்கு நேரம் பிடிக்கும். குளக்கட்டின் அருகே கிடக்கும் வள்ளமே முதலில் வாசலுக்கு வரக்கூடியது. அந்த வள்ளம் ஓட்டையின்றி, கயிறும் அங்கியும் துடுப்பும் உடையதாய் இருக்கிறதா என்பது அன்றைய இரவிலே கமக்காரனின் பிள்ளைகளுக்கும் உயிர் வினா.

நாம் வேண்டுவது

ஆகவே நாம் சில விதிகளை முன்வைக்கின்றோம். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவுற்ற ஒவ்வொரு குள மீனவர் சங்கமும் இவற்றைத் தன் பொதுக்கூட்டத்திலே ஆராய்ந்து துணைவிதிகளாக ஏற்கட்டும்.

முதலாவது: சங்கத்தின் எல்லா வள்ளங்களும் ஓர் ஏட்டிலே பதியப்பட வேண்டும். வள்ளத்தின் இலக்கம், அளவு, பொறுப்பாளர் இருவரின் பெயர், பெற்ற நாள், செய்த பழுது ஆகியவை அதிலே இருத்தல் வேண்டும். பொறுப்பாளர் இறந்துபட்டால் உரிமை எவருக்குச் செல்லும் என்பதையும் அவர் கையொப்பத்தோடு எழுதி வைக்க வேண்டும். விதவையர் பலர் வாழும் நம் மண்ணிலே இது சிறு காரியமன்று.

இரண்டாவது: வள்ளப் பராமரிப்பு நிதி. கிலோ ஒன்றுக்கு 5 ரூபா ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வள்ளம் நாளொன்றுக்கு 10 கிலோ, மாதத்திலே 20 நாள், ஆண்டிலே 10 மாதம் தொழில் செய்தால், 10,000 ரூபா சேரும். இருபது வள்ளங்கள் உள்ள சங்கத்துக்கு ஆண்டுக்கு இரண்டு இலட்சம் ரூபா. ரெசினும் பாயும் கயிறும் அங்கியும் வாங்க இத்தொகை துணை நிற்கும். இந்நிதியை வேறெதற்கும் தொடலாகாது. கணக்கு மாதந்தோறும் குளக்கட்டிலே எல்லாரும் காண ஒட்டப்பட வேண்டும்.

மூன்றாவது: ஆண்டுக்கொரு பரிசோதனை. நீர் குறைந்து தொழில் மந்தமாகும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களே இதற்கேற்ற காலம். அப்போது வள்ளங்கள் யாவும் கரையேற்றப்பட்டு, காயவைத்துப் பழுது நீக்கப்பட்டு, நீர் நிரப்பிச் சோதிக்கப்பட வேண்டும். வலைகளையும் அன்றே பார்க்கலாம். 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள செவுள்வலை சட்டத்தால் விலக்கப்பட்டது. குஞ்சை அள்ளுபவன் நாளைய தன் சோற்றையே அள்ளுகின்றான்.

நான்காவது: அங்கியின்றி எவரும் வள்ளம் ஏறலாகாது. இந்த விதியை மீறுபவன் எவனாயினும், சங்கத் தலைவனாயினும், ஒரு கிழமை தொழிலிலிருந்து நிறுத்தப்பட வேண்டும்.

ஐந்தாவது: ஒவ்வொரு போகத்தின் நீர்க் கூட்டத்திலும் மீனவர் சங்கத்தின் பிரதிநிதி ஒருவர் அமர வேண்டும். துருசு மூடப்படவேண்டிய கடைசி நீர்மட்டத்தைக் கமக்காரரும் மீனவரும் கூடி முடிவு செய்து எழுத்திலே வைக்க வேண்டும். எழுதாத உடன்பாடு முதற் கோடையிலேயே மறக்கப்பட்டுவிடும்.

இவற்றுக்கு மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். ஏழையிடம் மேலும் ஐந்து ரூபா அறவிடுவதா என்று கேட்பர். அந்த ஏழையே வள்ளம் பழுதாகி ஒரு மாதம் வீட்டிலிருந்தால் இழப்பது எவ்வளவு? கடன் கொடுத்த வியாபாரி அவன் மீனுக்கு விலை வைக்கும்போது அறவிடுவது எவ்வளவு? தன் சங்கத்துக்குத் தருவது வட்டியன்று. தனக்கே திரும்பி வரும் பணம்.

இது அரசாங்கத்தின் கடமையன்றோ என்று வேறு சிலர் கேட்பர். கடமைதான். குஞ்சு விடுதல், பயிற்சி தருதல், தரமான அங்கிகளைக் குறைந்த விலையில் வழங்குதல், வெள்ளத்தால் அழிந்த வள்ளத்துக்கு ஈடு தருதல் ஆகியவற்றை அரசாங்கத்திடம் உரிமையோடு கேட்க வேண்டும். கேட்டுப் பெறவும் வேண்டும். ஆனால் கையிலே பதிவேடும் கணக்கும் உள்ள சங்கம் கேட்கும் குரலும், வெறுங்கையோடு நிற்கும் கூட்டம் கேட்கும் குரலும் ஒன்றல்ல. முன்னது கோரிக்கை, பின்னது இரப்பு. 1990இல் ஒரே முடிவினால் எல்லாம் நின்றுபோனதைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே உயிரோடிருக்கிறது. அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

படித்த நம் நண்பர்களுக்கும் ஒரு சொல். வழக்கறிஞர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் ஒரு சங்கத்தின் துணைவிதிகளை வரைந்து கொடுக்கலாம். கணக்காளர் ஒருவர் ஆண்டுக்கு ஒருநாள் வந்தால் நிதியின் கணக்கைப் பார்த்துச் செல்லலாம். பொறியியலாளர் ஒருவர் இரண்டு இளைஞர்களுக்குக் கண்ணாடியிழை வேலையைக் கற்றுக்கொடுக்கலாம். மருத்துவர் ஒருவர் நீரில் மூழ்கியவனுக்கு மூச்சூட்டும் முறையைக் குளக்கட்டிலேயே காட்டிக்கொடுக்கலாம். மக்கள்மேல் அன்புண்டு என்று மேடையிலே முழங்குவதிலும் இவற்றில் ஒன்றைச் செய்வது மேல்.

வாடைக்காற்று எழுந்து மழை இறங்கிவிட்டால் ரெசின் காயாது. குளம் நிரம்பிவிட்டால் வள்ளத்தின் அடியைப் பார்க்க நேரமும் இராது. நீர் தாழ்ந்திருக்கும் போதே சங்கங்கள் கூடட்டும், ஏட்டைத் திறக்கட்டும், வள்ளங்களைக் கரையேற்றட்டும்.